எல்லை தாண்டிய திவால் வழக்குகள்: வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு உள்ளூர் நீதிமன்றம் எப்படி உதவுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனம் பதிவானது ஒரு நாட்டில், சரக்கு இன்னொரு நாட்டில், வங்கிக் கணக்கு மூன்றாவது நாட்டில் என்று இருப்பது இன்று சாதாரணம். தொழில் நன்றாக ஓடும்வரை இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நொடித்துப் போன அன்றுதான் எந்த நாட்டு நீதிமன்றம் எதைச் செய்யலாம் என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. கடன் கொடுத்தவர்கள், ஊழியர்கள், சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாட்டு நீதிமன்றம் திவால் என்று அறிவித்துவிட்டால், அந்த உத்தரவு எல்லா நாட்டுக்கும் பொருந்தாதா?

பொருந்தாது. பல நாட்டுச் சட்டங்கள் கடனாளியின் சொத்து உலகில் எங்கிருந்தாலும் தங்கள் நடவடிக்கைக்குள் வரும் என்றுதான் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் ஓர் உத்தரவை நிறைவேற்ற உள்ளூர் அமீனா வேண்டும், உள்ளூர் வங்கி கணக்கை முடக்க வேண்டும், உள்ளூர் துறைமுகம் கப்பலை விட வேண்டும். இவர்கள் யாரும் வெளிநாட்டு நீதிபதியின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அதனால்தான் திவால் நடவடிக்கையை நடத்துகிற நிர்வாகி, சொத்து இருக்கும் நாட்டின் நீதிமன்றத்துக்கு வந்து உதவி கேட்கிறார்.

உதவி என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

தனித்தனியாக வழக்குப் போட்டு ஜப்தி செய்கிறவர்களை நிறுத்திவைப்பது, உள்ளூர்ச் சொத்தை வெளிநாட்டு நிர்வாகியின் பொறுப்பில் விடுவது, சாட்சிகளை விசாரித்துக் கணக்குகளைப் பெற்றுத் தருவது, சொத்தை விற்ற பணத்தை முதன்மை நடவடிக்கை நடக்கும் நாட்டுக்கு அனுப்ப அனுமதிப்பது, இரண்டு நாட்டில் வழக்கு நடந்தால் இரண்டையும் ஒத்திசைய நடத்துவது. இவற்றில் மிகவும் அவசரமானது முதலாவது. மற்றவற்றுக்குச் சில மாதம் காத்திருக்கலாம். ஜப்தியை நிறுத்தச் சில நாள் தாமதித்தால் காப்பாற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இதற்கெனச் சர்வதேசச் சட்டம் இருக்கிறதா?

உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஐ.நா.வின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 1997 மே மாதம் ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்றது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டமாக இயற்றிக்கொண்டால்தான் அங்கே செல்லுபடியாகும். ஜப்பான் 2000இலும், அமெரிக்கா 2005இல் தன் திவால் சட்டத்தின் 15ஆம் அத்தியாயமாகவும், பிரிட்டன் 2006இலும், ஆஸ்திரேலியா 2008இலும், சிங்கப்பூர் 2017இலும் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி வேறு. அங்கே 2002 முதல் ஒரு பொது ஒழுங்குமுறை இருக்கிறது. அதன் திருத்திய வடிவம் 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ஓர் உறுப்பு நாட்டில் தொடங்கும் நடவடிக்கையை மற்ற உறுப்பு நாடுகள் தனி மனு இல்லாமலே ஏற்க வேண்டும்.

சட்டம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே நீதிபதிகள் இந்த உதவியைச் செய்துவந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனம் நொடித்தபோது, இங்கிலாந்தில் அதற்கு வரவேண்டிய பணத்தை ஒரு தனிக் கடன்காரர், அதாவது கடன் கொடுத்தவர், ஜப்தி செய்துகொண்டார். 1764இல் லண்டன் நீதிமன்றம், அந்தப் பணம் ஆம்ஸ்டர்டாமில் எல்லோருக்குமாக நியமிக்கப்பட்டவர்களுக்கே சேரும் என்றது. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் இந்தத் துறையின் அடிப்படை அந்தத் தீர்ப்பில் இருப்பதுதான்: முந்திக்கொண்டவருக்கு முழுப்பங்கு என்று விடக்கூடாது.

உதவி கேட்டு யார் வரலாம்? தூதரகம் வழியாக வர வேண்டுமா?

மாதிரிச் சட்டம் உள்ள நாட்டில் வெளிநாட்டுத் திவால் நிர்வாகி நேரடியாக மனுப் போடலாம். தன் நியமன உத்தரவின் சான்றிட்ட நகல், கடனாளி மீது வேறு எந்தெந்த நாட்டில் என்னென்ன நடவடிக்கை நடப்பதாகத் தனக்குத் தெரியும் என்ற அறிக்கை, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு, இவை போதும். ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டு நீதிமன்றத்துக்கு வேண்டுகோள் கடிதம் அனுப்புவது பழைய முறை. இன்றும் சில நாடுகளில் அது மட்டும்தான் வழி. அது பெரும்பாலும் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

முதன்மை நடவடிக்கை, துணை நடவடிக்கை என்று பிரிக்கிறார்களே, அது ஏன்?

கிடைக்கும் உதவியின் அளவு அதைப் பொறுத்தது என்பதால். கடனாளியின் நலன்களின் மையம் எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே நடப்பது முதன்மை நடவடிக்கை. வக்கீல்கள் இந்த மையத்தைச் சுருக்கமாகக் ‘கோமி’ என்பார்கள். அலுவலகம், ஆட்கள், தொடர்ச்சியான வியாபாரம் என்று ஏதாவது இருந்து, மையம் மட்டும் வேறு நாட்டில் இருந்தால் அது துணை நடவடிக்கை. இரண்டும் இல்லாத இடத்தில் நடக்கிற நடவடிக்கைக்கு மாதிரிச் சட்டத்தின் கீழ் அங்கீகாரமே கிடையாது.

பதிவு அலுவலகம் உள்ள இடமே மையம் என்றுதான் சட்டம் முதலில் அனுமானிக்கும். ஆனால் அதை மறுக்கலாம். 2007இல் பேர் ஸ்டேர்ன்ஸ் வங்கி நடத்திய இரண்டு முதலீட்டு நிதிகள் சரிந்தன. அவை பதிவானது கேமன் தீவுகளில். அங்கே கலைப்பு நடவடிக்கை தொடங்கி, அமெரிக்க அங்கீகாரம் கேட்டு நியூயார்க் வந்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்து யாரும் வரவில்லை. அப்படியும் நீதிபதி மறுத்தார். நிர்வாகம், கணக்குப் புத்தகம், சொத்து எல்லாம் அமெரிக்காவிலேயே இருக்க, கேமனில் பதிவைத் தாண்டி எதுவும் இல்லை என்பதால் முதன்மை, துணை இரண்டில் ஒன்றாகக்கூட ஏற்க முடியாது என்றார். யாரும் எதிர்க்காவிட்டாலும் நீதிமன்றம் தானே சரிபார்க்கும் என்பதை அந்த வழக்கு எல்லோருக்கும் புரியவைத்தது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் யூரோஃபுட் வழக்கில் பதிவு அலுவலகத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தது. இத்தாலியின் பார்மலாட் குழுமம் விழுந்தபோது, அதன் அயர்லாந்து துணை நிறுவனமான யூரோஃபுட் யாருக்குச் சொந்தமான வழக்கு என்று இரு நாட்டு நீதிமன்றங்களும் மோதின. தாய் நிறுவனம் இத்தாலியிலிருந்து முடிவெடுக்கிறது என்பது மட்டுமே மையத்தை மாற்றிவிடாது, வெளியாருக்குக் கண்ணால் பார்த்துத் தெரியக்கூடிய அடையாளங்கள் வேண்டும் என்றது தீர்ப்பு. இது எனக்குச் சரியாகவே படுகிறது. கடன் கொடுக்கிறவர், எந்த நாட்டுச் சட்டத்தை நம்பிக் கடன் கொடுக்கிறோம் என்று அன்றே தெரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் நிறுவனம் வசதியான நாட்டுக்கு மையத்தை மாற்றிக்கொள்ளலாமே?

முயல்கிறார்கள். எந்தத் தேதியில் மையம் எங்கே இருந்தது என்பது அதனால்தான் பெரிய விவாதம். அங்கீகார மனு போடும் நாளைப் பார்க்கும் போக்கு அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. மாதிரிச் சட்டத்துக்கு 2013இல் வந்த வழிகாட்டி, வெளிநாட்டு நடவடிக்கை தொடங்கிய நாளைப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறை, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் பதிவு அலுவலகம் வேறு நாட்டுக்கு மாறியிருந்தால் அந்த அனுமானமே எழாது என்று கதவைச் சாத்திவிட்டது.

அங்கீகாரம் கிடைக்க நாளாகும். அதற்குள் சொத்து கைமாறிவிட்டால்?

இதற்குத்தான் இடைக்கால நிவாரணம். மனுவை ஏற்றுக்கொண்ட உடனேயே, இறுதி முடிவுக்கு முன்பே, நீதிமன்றம் ஜப்தியை நிறுத்தலாம். கெட்டுப்போகும் சரக்கை விற்க ஆள் நியமிக்கலாம்.

ஹான்ஜின் கப்பல் நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்கொரியாவின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான அது 2016 ஆகஸ்ட் 31 அன்று சோல் நீதிமன்றத்தில் மனுச் செய்தது. கப்பல்கள் பல கடல்களில் சரக்கோடு மிதந்துகொண்டிருந்தன. துறைமுகத்துக்குள் நுழைந்தால் எரிபொருள் விற்றவரோ வாடகைப் பாக்கி உள்ளவரோ கப்பலைப் பிடித்துவைப்பார். சரக்கு இறக்குகிற கம்பெனி முன்பணம் கேட்கும். சிங்கப்பூரில் அதன் ஒரு கப்பல் மனுவுக்கு முன்பே பிடிபட்டிருந்தது. அதனால் கரையைப் பார்த்தபடி நடுக்கடலிலேயே கப்பல்கள் நின்றன. உள்ளே இருந்தது வேறு யார் யாரோ விற்கவேண்டிய பண்டிகைக் காலச் சரக்கு. சில நாட்களுக்குள் நியூஜெர்சியின் திவால் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. அதன்பிறகுதான் அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல்கள் வந்து சரக்கை இறக்கின. சிங்கப்பூரில் அப்போது மாதிரிச் சட்டம் கிடையாது. இருந்தும் அங்குள்ள உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டே தடையுத்தரவு கொடுத்தது.

ஹான்ஜின் பிழைக்கவில்லை. 2017 பிப்ரவரியில் திவாலாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அந்த உத்தரவுகள் வீணல்ல. கொள்கலனுக்குள் மாட்டிக்கொண்ட சரக்கின் சொந்தக்காரர்கள் அந்தத் திவாலில் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். அவர்களுக்குச் சரக்கு கிடைத்தது.

அங்கீகாரம் கிடைத்ததும் தானாக என்ன நடக்கும்?

முதன்மை நடவடிக்கை என்றால் தனி வழக்குகளும் நிறைவேற்றல் நடவடிக்கைகளும் நிற்கும். கடனாளி சொத்தைக் கைமாற்ற முடியாது. துணை நடவடிக்கை என்றால் தானாக எதுவும் வராது, நீதிபதி தேவையைப் பார்த்துக் கொடுப்பார். இரண்டிலும் கூடுதல் நிவாரணம் கேட்கலாம். கேட்கும்போதெல்லாம் உள்ளூர்க் கடன்காரர்களின் நலன் போதுமான அளவு காக்கப்பட்டிருக்கிறதா என்று நீதிமன்றம் பார்த்தாக வேண்டும்.

உதவ முடியாது என்று நீதிமன்றம் சொல்லலாமா?

சொல்லலாம். தன் நாட்டின் பொதுக் கொள்கைக்கு அப்பட்டமாக விரோதமாக இருந்தால் மறுக்க மாதிரிச் சட்டமே இடம் தருகிறது. அந்த ‘அப்பட்டமாக’ என்ற நிபந்தனை முக்கியம். வெளிநாட்டுச் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

2011இல் நியூயார்க்கில் முடிவான ஒரு வழக்கைப் பாருங்கள். ஜெர்மனியில் திவாலான மருத்துவர் ஒருவர் நிர்வாகியோடு ஒத்துழைக்காமல் நாட்டைவிட்டே போய்விட்டார். அவருடைய கடிதங்களையும் மின்னஞ்சலையும் இடைமறித்துப் படிக்க ஜெர்மன் நீதிமன்றம் நிர்வாகிக்கு அனுமதி கொடுத்தது. அங்கே அது சட்டப்படி வழக்கமான ஒன்று. இங்கிலாந்து நீதிமன்றமும் அதை ஏற்றது. அமெரிக்காவில் இருந்த மின்னஞ்சல் சர்வர்களைத் திறக்கக் கேட்டபோது நீதிபதி மறுத்தார். கடனாளிக்கே தெரியாமல் அவருடைய மின்னஞ்சலைப் படிப்பது அமெரிக்காவில் குற்றமாகக்கூடிய செயல், தனிமறைவு உரிமையின் அடிப்படையையே அது தொடுகிறது என்பது காரணம். மறுப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்: அரிதாக, குறிப்பிட்ட ஒரு காரணத்தோடு.

சிங்கப்பூர் தன் சட்டத்தில் ‘அப்பட்டமாக’ என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. அதனால் அங்கே மறுப்புக்கான வாசல் கொஞ்சம் அகலம். ஜெட்டா ஜெட் நிறுவனத்தின் அமெரிக்கத் திவால் வழக்கு, சிங்கப்பூர் நீதிமன்றத்தின் தடையை மீறி நடந்தது. எனவே 2018இல் அமெரிக்க நிர்வாகிக்கு மிகக் குறுகிய அங்கீகாரம் மட்டுமே கிடைத்தது. அந்தத் தடை நீங்கிய பிறகு 2019இல் முழு அங்கீகாரம் கொடுத்தார்கள்.

பணம் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் உள்ளூர்க் கடன்காரர்கள் ஏமாந்துவிட மாட்டார்களா?

அடிக்கடி வருகிற பயம் இது, நியாயமானதும்கூட. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு முதலில், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்ற முறைதான் இத்துறை விட்டுவர முயல்வது. எல்லா நாடும் அப்படிச் செய்தால், சொத்து அதிகம் இருந்த நாட்டின் கடன்காரர் முழுதாக வாங்கிக்கொள்வார், மற்ற நாட்டு ஊழியர் வெறுங்கையோடு நிற்பார். வெளிநாட்டில் வக்கீல் வைத்து ஓட வசதியில்லாத சிறிய கடன்காரருக்குத்தான் எல்லோருக்கும் ஒரே வரிசை என்ற முறை அதிகம் பயன்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் எச்ஐஎச் காப்பீட்டுக் குழுமம் 2001இல் விழுந்தது. அதன் சொத்தில் ஒரு பகுதி லண்டனில் இருந்தது. ஆஸ்திரேலியச் சட்டம் காப்பீட்டுக் கடன்காரர்களுக்கு முன்னுரிமை தருகிறது. அப்போது பொருந்திய இங்கிலாந்துச் சட்டம் தரவில்லை. லண்டன் பணத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினால் சிலருக்குக் குறையும். ஆனாலும் 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அனுப்பச் சொன்னது. ஒரே நிறுவனத்தின் சொத்தை ஒரே முறையில் பங்கிடுவது நியாயம் என்பது அதில் ஒரு முக்கிய வாதம்.

இரண்டு நாட்டிலும் பங்கு வாங்குகிறவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 100 ரூபாய் கடனுக்கு ஒரு நாட்டில் 20 ரூபாய் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். இன்னொரு நாட்டுப் பங்கீட்டில், அதே வகைக் கடன்காரர்கள் எல்லோரும் நூற்றுக்கு 20 வாங்கும்வரை அவருக்கு எதுவும் கிடையாது. அதற்கு மேல் மிஞ்சினால் எல்லோருடனும் சேர்ந்து வாங்கலாம். அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவருடைய உரிமையை இந்த விதி தொடாது.

வரிப் பாக்கி மட்டும் தனிக் கதை. டெல்லியில் மின்சாரத் தொழில் நடத்திய ஓர் இங்கிலாந்துக் கம்பெனி கலைக்கப்பட்டபோது இந்திய அரசு வரி கேட்டு லண்டனுக்குப் போனது. வேறு நாட்டின் வரியை வசூலித்துக் கொடுப்பது எங்கள் வேலையல்ல என்று 1955இல் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. இந்த விஷயத்தில் மாதிரிச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் விருப்பம் விட்டிருக்கிறது.

கணக்குகளையும் ஆவணங்களையும் பெற்றுத்தர வைக்கலாமா?

மாதிரிச் சட்டப்படி கேட்கலாம். அந்தச் சட்டம் இல்லாத இடத்தில் பொதுச்சட்ட அதிகாரம் (நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம் தரும் அதிகாரம்) எவ்வளவு தூரம் போகும் என்பதை சிங்குலாரிஸ் வழக்கில் 2014இல் பிரிவி கவுன்சில் சொன்னது. பெர்முடா போன்ற இடங்களுக்கு லண்டனில் உள்ள இறுதி மேல்முறையீட்டு மன்றம் அது. கேமன் நிறுவனத்தின் கலைப்பாளர்கள், பெர்முடாவில் இருந்த தணிக்கையாளர்களின் வேலைக் குறிப்புகளைக் கேட்டார்கள். உதவும் அதிகாரம் உண்டு, ஆனால் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே கேட்டுப் பெற முடியாததை இங்கே வந்து கேட்க முடியாது என்றது தீர்ப்பு.

வெளிநாட்டு நீதிமன்றம் கடனைக் குறைத்துவிட்டால், அந்தக் குறைப்பு எல்லா இடத்திலும் செல்லுமா?

இங்கேதான் ஒத்துழைப்பு மெலிகிறது. இங்கிலாந்தில் 1890இல் கிப்ஸ் வழக்கில் பிறந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது: இங்கிலாந்துச் சட்டப்படி போட்ட கடன் ஒப்பந்தத்தை வெளிநாட்டுத் திவால் நடவடிக்கை தீர்த்துவிட முடியாது, கடன்காரர் தானே அதில் போய்ச் சேர்ந்திருந்தால் ஒழிய. 2018இல் அஜர்பைஜான் சர்வதேச வங்கியின் வழக்கில், இந்த விதியைச் சுற்றிப்போக நிரந்தரத் தடையுத்தரவு கேட்டார்கள். லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கவில்லை. உலகக் கடன் பத்திரங்களில் பெரும்பகுதி இங்கிலாந்துச் சட்டத்திலோ நியூயார்க் சட்டத்திலோ எழுதப்படுகிற காலத்தில் இந்த விதி பொருந்தவில்லை என்பது என் கருத்து. மற்ற நாடுகள் தன் நாட்டு மறுசீரமைப்புகளை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாடு, தன் பங்குக்கும் ஏற்க வேண்டும்.

திவால் நடவடிக்கையிலிருந்து பிறக்கும் பணத் தீர்ப்புகளுக்கும் இதே நிலைதான். 2012இல் ரூபின் வழக்கில், சாதாரண வெளிநாட்டுத் தீர்ப்புக்குள்ள விதிகளே இவற்றுக்கும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இடைவெளியை அடைக்க ஐ.நா. ஆணையம் 2018இல் தனியாக இன்னொரு மாதிரிச் சட்டம் தந்தது.

இரு நாட்டு நீதிபதிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாமா?

பேசலாம். மாதிரிச் சட்டம் இயன்றவரை முழுமையாக ஒத்துழைக்கச் சொல்கிறது, நேரடித் தொடர்பையும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. தரப்பினருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பேசுவது பதிவாக வேண்டும், வழக்கின் சாரத்தை மறைவில் முடிவு செய்யக்கூடாது என்பவை பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள்.

இதற்கு வழி காட்டியது 1991இல் நொடித்த பிரிட்டிஷ் பதிப்பு நிறுவனமான மேக்ஸ்வெல்லின் வழக்கு. நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒருசேர நடவடிக்கை தொடங்கியது. இரண்டு நீதிபதிகளும் சண்டையிடாமல் நிர்வாகிகளிடையே ஒரு நடைமுறை ஒப்பந்தம் வரச்செய்தார்கள்: யார் எதை விற்கலாம், எதற்கு இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும் என்று. இத்தகைய ஒப்பந்தத்தைப் புரோட்டோகால் என்பார்கள். அப்போது எந்த மாதிரிச் சட்டமும் இல்லை.

நார்டெல் வழக்கு அதையும் தாண்டிப் போனது. 2009 ஜனவரியில் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் கனடா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றிலும் பாதுகாப்புக் கேட்டது. தொழில்களையும் காப்புரிமைகளையும் முதலில் சேர்த்து விற்போம், பணம் யாருக்கு என்பதைப் பிறகு பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். சுமார் 730 கோடி டாலர் சேர்ந்தது. பங்கில் உடன்பாடு வராததால் 2014இல் கனடாவின் டொரன்டோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் இரண்டு நீதிபதிகள் காணொளி இணைப்பில் ஒரே விசாரணையை நடத்தினார்கள். சாட்சி ஒரு நகரத்தில் பேச இரண்டு நீதிமன்றமும் கேட்டன. 2015 மே 12 அன்று இருவரும் தனித்தனித் தீர்ப்புகளை ஒரே நாளில் வெளியிட்டார்கள். கடனளவுக்கு ஏற்ப விகிதப் பங்கீடு என்பதே இருவரும் அடைந்த முடிவு. ஒருவர் மற்றவருக்குக் கட்டுப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். இருவர் முன்பும் ஒரே சாட்சியம் இருந்ததால் முடிவும் ஒத்துப்போக முடிந்தது. வழக்குக்கு ஆன செலவும் காலமும் மிக அதிகம் என்ற குறை உண்மை. ஆனால் இரண்டு நாட்டில் இரண்டு எதிரெதிர்த் தீர்ப்பு வந்திருந்தால் அந்தப் பணம் இன்னும் நீண்ட காலம் பூட்டிக் கிடந்திருக்கும்.

பல நாட்டு நீதிபதிகள் சேர்ந்து 2016இல் உருவான நீதித்துறைத் திவால் வலையமைப்பு இத்தகைய தொடர்புக்கு வழிகாட்டுதல்கள் வகுத்தது. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூரும் டெலவேரும் முதலில் நடைமுறைப்படுத்தின.

மாதிரிச் சட்டத்தை ஏற்காத நாட்டில் வழியே இல்லையா?

உண்டு, ஆனால் மெதுவாக. ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்றை ஆம்ஸ்டர்டாமில் பிடித்துவைத்த கடன்காரர்கள் 2019 மே மாதம் நெதர்லாந்தில் அந்த நிறுவனத்தைத் திவாலாக அறிவிக்கச் செய்தார்கள். ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் இந்திய நடவடிக்கையைத் தொடங்கியபோது, டச்சு நடவடிக்கை செல்லாது என்றே சொல்லிவிட்டது. இந்தியத் திவால் சட்டத்தின் 234, 235 பிரிவுகள், முதலில் அந்த நாட்டோடு அரசு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்கின்றன, ஒப்பந்தம் இல்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாற்றுவழி கண்டது. இரு நாட்டு நிர்வாகிகளையும் பேச வைத்து, செப்டம்பரில் ஒரு புரோட்டோகாலுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் மையம் இந்தியா என்று டச்சு நிர்வாகியே ஏற்றுக்கொண்டார். பிறகு நிறுவனம் மீளவில்லை, 2024 நவம்பரில் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் மனம் இருந்தால் சட்ட இடைவெளியிலும் ஒத்துழைக்க முடியும் என்று அந்தச் செப்டம்பர் உத்தரவு காட்டியது. அடுத்த வழக்கிலும் அப்படியே நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது என்பதால், சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது.

ஹாங்காங்கும் மாதிரிச் சட்டம் இல்லாத இடமே. அங்கே நீதிபதிகள் பொதுச்சட்டத்தைக் கொண்டு உதவுகிறார்கள். சீனாவின் ஷாங்காய், ஷென்ஜென், சியாமென் நகரங்களோடு 2021 மே முதல் பரஸ்பர ஏற்பாடும் இருக்கிறது.

எனக்குப் பணம் தரவேண்டிய நிறுவனம் வேறு நாட்டில் திவாலாகிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அந்த நாட்டு நடவடிக்கையில் உங்கள் உரிமைக் கோரிக்கையைக் கடைசித் தேதிக்குள் பதியுங்கள். மாதிரிச் சட்டம் உள்ள நாட்டில் வெளிநாட்டுக் கடன்காரர் என்பதற்காக உங்களைத் தாழ்த்த முடியாது. தெரிந்த வெளிநாட்டுக் கடன்காரர்களுக்கு அறிவிப்பும் அனுப்ப வேண்டும். ஆனால் அறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம், நிர்வாகியின் விவரம் பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். உங்கள் ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் என்றால் பதிவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். பதிந்துவிட்டால் அந்த நடவடிக்கைக்கு நீங்கள் உட்பட்டதாகக் கொள்ளப்படலாம்.

உங்கள் நாட்டில் அந்த நிறுவனத்துக்குச் சொத்து இருந்து, அங்கே அங்கீகார மனு வந்திருந்தால், விசாரணைக்குப் போய் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். அடமானம், சரக்கின் மீதான உரிமை, சம்பளப் பாக்கி என்று எது இருந்தாலும் நிவாரணத்தின் நிபந்தனைகளை நீதிபதி எழுதும் அந்தக் கட்டத்தில் சொல்வதுதான் பலிக்கும். சொத்தை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்ன பிறகு அதைத் திருப்பக் கேட்பது மிகக் கடினம். தடையுத்தரவு வந்த பின்பும் ஜப்தியைத் தொடர்ந்தால், பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். நீதிமன்ற அவமதிப்பாகவும் ஆகலாம்.